மேன் பேஜ் எழுதுற மனுஷன் யாரு?

லேபில் லினக்ஸ் மெஷின் முன்னாடி உட்கார்ந்து 'மேன்' என்று டைப் பண்ணியிருப்பீங்க. கறுப்புத் திரையில் பக்கம் பக்கமாக வந்து கொட்டும். ரெண்டு வரி படிச்சிட்டு 'க்யூ' அமுக்கி வெளியே ஓடியிருப்பீங்க. வைவாவில் கேட்டால், "மேனுவல் சார்..." அவ்வளவுதான் நமக்கும் அதுக்கும் உள்ள உறவு!

ஆனா பாஸ், அந்தப் பக்கங்களை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்காங்க. தப்பா இருந்தா யாரோ திருத்துறாங்க. யாருன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?

யூனிக்ஸின் முதல் மேனுவல் 1971 நவம்பர் 3 என்ற தேதியோடு பெல் லேப்ஸில் வெளிவந்தது. கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி ரெண்டு பேரும் எழுதினது. அதிலேயே 'பக்ஸ்' என்று ஒரு தலைப்பு உண்டு. எங்க சரக்குல இன்ன இன்ன ஓட்டை இருக்கு என்று செஞ்சவங்களே எழுதி வச்சாங்க. மிக்ஸி வாங்கினா வர்ற புத்தகத்துல, 'சட்னி அரைக்கும்போது மூடி பறக்கும்' என்று எந்தக் கம்பெனியாவது போடுமா? எனக்கு மேன் பேஜ் மேல மரியாதை வந்ததே அந்தத் தலைப்பைப் பார்த்துத்தான். இப்பவும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல்ல 'பக்ஸ்' பகுதிக்குத்தான் போவேன்.

உதாரணத்துக்கு 'கெட்ஸ்'. நம்ம சி லேப் ரெக்கார்டுல கூசாம எழுதுவோமே, அதேதான்! அதோட மேன் பேஜே 'இதைத் தொடவே தொடாதே' என்கிற மாதிரி மிரட்டும். வர்ற வரி எவ்வளவு நீளம் என்று அதுக்குத் தெரியாது; நீங்க ஒதுக்கின இடத்தைத் தாண்டியும் எழுதிக்கிட்டே போகும். 1988-ல் இன்டர்நெட்டையே ஆட்டிவச்ச மாரிஸ் வோர்ம் உள்ளே நுழைஞ்ச ஓட்டைகளில் இதுவும் ஒண்ணு. 2011-ல் வந்த சி ஸ்டாண்டர்டு அதைத் தூக்கியே போட்டுடுச்சு.

லினக்ஸ் பக்கம் வருவோம். கெர்னல்கிட்ட நம்ம ப்ரோகிராம் வேலை கேட்கிற சிஸ்டம் கால்களுக்கும், சி லைப்ரரி ஃபங்ஷன்களுக்கும் 'மேன் பேஜஸ்' என்று தனி ப்ராஜெக்ட்டே இருக்கு. 2004-லிருந்து பதினைந்து வருஷத்துக்கும் மேல அதைக் கட்டிக் காத்தவர் மைக்கேல் கெர்ரிஸ்க். நியூஸிலாந்துக்காரர். 2010-ல் இதே சப்ஜெக்ட்டில் தலையணை சைஸுக்கு ஒரு புத்தகமும் போட்டார்.

"எழுதுறதுதானே, இதுல என்ன?" என்பீங்க. அங்கதான் விஷயமே! எழுதணும்னா முதல்ல அது நிஜமாவே வேலை செய்யுதான்னு பார்க்கணும். ஃபைல் மாறினா தகவல் சொல்ற 'ஐநோட்டிஃபை' வசதி 2005-ல் கெர்னலுக்குள் வந்தது. 'ஒரே ஒரு தடவை சொன்னா போதும்' என்று அதில் ஒரு ஆப்ஷன். 2.6.16-க்கு முந்தைய கெர்னல்களில் அந்த ஆப்ஷன் வேலையே செய்யாது! 2007-ல் 'டைமர்எஃப்டி' வந்தப்போ, அதுக்கு மேன் பேஜ் எழுத உட்கார்ந்த கெர்ரிஸ்க், டிசைனிலேயே கோளாறு இருப்பதைச் சொன்னார். அடுத்த வெர்ஷனில் அதை முடக்கி வச்சு, 2008-ல் புது வடிவத்தில் கொண்டுவந்தாங்க. டாக்குமென்ட் எழுதப் போனவர் கெர்னலையே மாத்த வச்சிட்டார்!

ஒரே ஒரு வரி தப்பானா என்ன ஆகும்? 'க்ளோஸ்' கதையைக் கேளுங்க. ஒரு ஃபைலை மூடுறீங்க. நடுவுல சிக்னல் வந்து, 'வேலை தடைப்பட்டது' என்று எரர். 'ரீட்', 'ரைட்' என்றால் திரும்ப ஒருமுறை கூப்பிடுவோம். க்ளோஸுக்கும் அப்படித்தானேன்னு தோணும். லினக்ஸில் கூடவே கூடாது! எரர் உங்க கைக்கு வர்றதுக்குள்ள, அந்த ஃபைலோட நம்பரைக் கெர்னல் விடுவிச்சிருக்கும். அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் வேற ஃபைலைத் திறந்து அதே நம்பரை வாங்கியிருக்கலாம். நீங்க மறுபடி மூடினா, மூடுறது அவங்க ஃபைலை! எப்பவாவது ஒருநாள், லோடு அதிகமா இருக்கும்போது மட்டும் வர்ற பக் இது. கண்டுபிடிக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். ஹெச்பி-யூஎக்ஸில் நிலைமையே தலைகீழ்; அங்கே திரும்பக் கூப்பிட்டே ஆகணும். இதையெல்லாம் அந்தப் பக்கம் பொறுமையா விளக்குது. யாரோ ஒரு நல்லவர் 'எரர் வந்தால் மீண்டும் முயலவும்' என்று அதில் சேர்த்திருந்தால், எத்தனை பேர் அப்படியே காப்பி அடிச்சிருப்போம்!

அதனாலதான் திருத்தம் அனுப்பினா சும்மா வாங்கிக்க மாட்டாங்க. நான் முதல்ல அனுப்பினது ஒரே ஒரு வார்த்தை. "எந்த கெர்னலில் பார்த்தீங்க? எப்படி டெஸ்ட் பண்ணீங்க?" என்று பதில் வந்தது. இருபது வரியில் ஒரு குட்டி ப்ரோகிராம் எழுதி, ஓட்டி, அவுட்புட்டோட அனுப்பினேன். ஒரு வார்த்தைக்கு அரை நாள்! செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்குக்கூட நம்மளை யாரும் இப்படிக் குடைஞ்சதில்லை.

இத்தனை கறாரான வேலைக்குச் சம்பளம்? கெர்ரிஸ்க்குக்குப் பிறகு பொறுப்பேற்ற அலெஹாந்த்ரோ கோலோமார், வருஷக்கணக்கில் சொந்த நேரத்தில்தான் பார்த்தார். காசு தர ஆளில்லை, இனி முடியாது என்று 2024 செப்டம்பரில் நிறுத்தியே விட்டார். அப்புறம்தான் சில கம்பெனிகள் சேர்ந்து பணம் போட, வேலை தொடர்ந்தது. லினக்ஸ் சர்வரை வச்சு கோடி கோடியா சம்பாதிக்கிறவங்களுக்கு, ஒருத்தர் கையை உதறின பிறகுதான் உறைக்கணுமா?

உங்களுக்கும் இதுல ஆசை இருந்தா, கிட்டில் காப்பி எடுக்கலாம். எல்லாம் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். நிறைய பக்கங்களில் உதாரண ப்ரோகிராம் இருக்கும். ஒண்ணை எடுத்து கம்பைல் பண்ணி, பக்கத்தில் சொன்னபடியே நடக்குதான்னு வரிக்கு வரி பாருங்க. அதுக்கு முன்னாடி 'யூனேம்' அடிச்சு உங்க கெர்னல் வெர்ஷனைக் குறிச்சு வச்சுக்குங்க. முதல் கேள்வியே அதுதான் வரும்!