ஒரே தூரில் இரண்டு தண்டு: செம்மநத்தம் காபிச் செடி சொல்லும் போன்சாய் பாடம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் சுமார் 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்ததும், பெரும்பாலானவர்கள் ஏரிக்கும் லேடீஸ் சீட்டுக்கும் போய்விடுவார்கள். கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்குச் செம்மநத்தம் போன்ற மலைக்கிராமங்கள் இருக்கின்றன. உயரமான சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, அந்த நிழலில் காபிச் செடிகள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்கு வந்த பயிர் இது.

இந்தப் பக்கம் போனால் காபிப் பழத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கொஞ்சம் குனிந்து செடியின் அடியையும் பாருங்கள். கவாத்து செய்த பழைய செடியாக இருந்தால், வெட்டுப்பட்ட கட்டையிலிருந்து இரண்டு தண்டுகள் எழுந்து நிற்கும். வேர் ஒன்று, தண்டு இரண்டு. ஜப்பானியர்கள் மேப்பிள் மரத்தை இதே போலத் தொட்டியில் வளர்க்கத்தான் பல வருடம் காத்திருக்கிறார்கள்.

வெட்டினால் வருமானம் போகும்

காபிச் செடிக்கு வயதானால் காய்ப்பு குறையும். அப்போது அடிக்கவாத்து செய்வார்கள். அறுவடை முடிந்து, பிப்ரவரியிலிருந்து மார்ச் நடுவுக்குள், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் தண்டைச் சாய்வாக வெட்டிவிடுவார்கள். வெட்டிய இடத்தில் போர்டோ பசை பூசுவார்கள். கொஞ்ச நாளில் கட்டையைச் சுற்றிப் போத்துகள் கிளம்பும். அவற்றில் வலுவான இரண்டை மட்டும் விட்டு, மற்றதைக் கிள்ளிவிட்டு, மண் அணைப்பார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், வெட்டிய செடி மறுபடி காய்க்க மூன்றாவது வருடம் ஆகும். சில ஏக்கர் மட்டும் வைத்திருப்பவருக்கு அது பெரிய இழப்பு. வெட்டாமல் விட்டாலோ விளைச்சல் வருடத்துக்கு வருடம் இறங்கும். அதனால்தான் ஒரே நேரத்தில் மொத்தத் தோட்டத்திலும் கை வைக்காமல், பகுதி பகுதியாக வெட்டுகிறார்கள்.

ஜப்பானில் பெற்றோர், பிள்ளை

ஒரே வேரில் இரண்டு தண்டு உள்ள போன்சாய்க்கு ஜப்பானில் ‘சோகன்’ என்று பெயர். மூன்று தண்டு என்றால் ‘சங்கன்’. கொத்தாகப் பல தண்டுகள் இருந்தால் ‘கபுதாச்சி’. இரண்டைத் தாண்டினால் மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். தண்டுகள் ஒரே அளவில் இருக்கக் கூடாது. தடித்தது உயரமாக, மெலிந்தது குட்டையாக இருக்க வேண்டும். பெரியதைப் பெற்றோர் என்றும் சிறியதைப் பிள்ளை என்றும் சொல்வார்கள்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இளம் மரத்தை அடியோடு வெட்டி, வரும் துளிர்களில் தேவையானதை மட்டும் விடுவது. காபிக்குச் செய்வதேதான். இன்னொன்று, சில கன்றுகளை அடியில் சேர்த்துக் கட்டி நடுவது. தண்டு பருக்கப் பருக்க ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே மரமாகிவிடும்.

இந்தக் கலைக்கென்றே அங்கே ஓர் ஊர் இருக்கிறது. 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ நொறுங்கிய பிறகு, அங்கிருந்த போன்சாய் தோட்டக்காரர்கள் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடிக் கிளம்பி, 1925-ல் ஓமியாவில் குடியேறினார்கள். 2010-ல் அங்கே போன்சாய் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

மேப்பிள் இங்கே வளருமா?

சிவந்த மேப்பிள் இலையைப் படத்தில் பார்த்துவிட்டு ஆன்லைனில் விதை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. ஜப்பானிய மேப்பிள் குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும் மரம். அந்தத் தூக்கத்துக்குப் பல வாரங்கள் கடுங்குளிர் வேண்டும். ஏற்காட்டில் குளிர்காலத்திலும் வெப்பநிலை சுமார் 13 டிகிரியோடு நின்றுவிடும். மலைமேலேயே இப்படி என்றால், சேலம் மொட்டைமாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முளைத்தாலும் தூக்கமில்லாமல் தளர்ந்து போகும்.

வீட்டில் செய்து பார்க்க

நமக்கு ஆல், இச்சி இருக்கின்றன. வெயில் தாங்கும், வெட்டினால் துளிர்க்கும், சேர்த்துக் கட்டினால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். சுவர் வெடிப்பில் முளைத்து, எப்படியும் பிடுங்கப்போகிற கன்றே போதும்.

* கன்றைப் பெரிய தொட்டியில் நட்டு, நன்றாக வேர் பிடிக்க விடுங்கள்.
* வெயில் காலம் தொடங்கியதும் மண்ணுக்கு மேல் சில அங்குலம் விட்டு வெட்டுங்கள்.
* துளிர்களில் இரண்டை மட்டும் வையுங்கள். ஒன்றை வளர விட்டு, மற்றதை அவ்வப்போது நுனி கிள்ளுங்கள். கிள்ளியது மெலிந்து பிள்ளையாக நிற்கும்.
* தண்டு பருக்க இலை வேண்டும். அதனால் சின்னத் தொட்டிக்கு அவசரப்படாதீர்கள். சில வருடம் ஆகும்.

போகிறவர்களுக்கு

அடிக்கவாத்தைப் பார்க்க பிப்ரவரி, மார்ச் நல்ல நேரம். மழை பெய்தால் அடுத்த சில நாட்களில் காபி பூத்து மலையே மணக்கும். தோட்டங்கள் தனியாருக்குச் சொந்தமானவை. அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள். காப்புக்காட்டிலிருந்து செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம்.

முடிந்தால் கவாத்து செய்பவர்களிடம் இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். எந்தப் போத்தை விடுவது, எதைக் கிள்ளுவது என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். தொட்டி மரத்தில் வெட்டு தவறினால் ஒரு செடிதான் போகும். அவர்கள் கைக்குத் தவறினால் போவது, இரண்டு வருடம் காத்திருந்த விளைச்சல்.