பிஸ்கோத்து

ஒரு சொல்லின் சரியான உச்சரிப்பைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வி, இராயபுரத்தில் வளர்ந்த எங்களுக்குத் தேநீர்க் கடையிலேயே தொடங்கிவிட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் காசிமேட்டில் வலை பின்னியவர்களும் 'பிஸ்கோத்து' என்றே கேட்டு வாங்கினார்கள். பள்ளிக்கூடத்திலோ அச்சொல் வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்தது. 'பிஸ்கட்' என்பதே சரி, மற்றது படிக்காதவர் பேச்சு என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அச்சிரிப்பு வீடுவரை வந்தது. எங்கள் வீட்டுப் பெண்களில் சிலர், பெரிய கடைகளில் வாய் திறவாமல் கண்ணாடிப் பாட்டிலை விரலால் சுட்டி வாங்கப் பழகிக்கொண்டார்கள்.

சொல்லின் வரலாறோ வேறு விதமாக இருக்கிறது. இலத்தீனில் 'பிஸ்' என்றால் இருமுறை. 'கோக்துஸ்' என்றால் வெந்தது. நெடுங்கடல் பயணத்தில் கெடாமலிருக்க, சுட்ட ரொட்டியை மறுபடியும் சூட்டில் உலர்த்திக் கல்போல் ஆக்கிக் கப்பலில் ஏற்றினார்கள். போர்த்துகீசிய மொழியில் அதன் பெயர் 'பிஷ்கோய்த்து'. அம்மொழியினர் 1520களிலேயே சாந்தோமில் குடியேறிவிட்டார்கள். ஆங்கிலக் கம்பெனி சென்னையில் நிலம் பெற்றதோ 1639இல்தான். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை ஆகிய சொற்களைத் தமிழுக்குத் தந்தவர்களே பிஸ்கோத்தையும் தந்தார்கள். ஆக, அது 'பிஸ்கட்'டின் சிதைவு அன்று. வேறொரு கப்பலில் வந்த சொல்.

ஆங்கிலேயரின் கதை இன்னும் வேடிக்கையானது. 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை அவர்கள் 'பிஸ்கெட்' என்று ஒலித்தபடியே எழுதிவந்தார்கள். பிறகு எழுத்துக்கூட்டலை மட்டும் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டு, ஒலிப்பை அங்கேயே விட்டுவிட்டார்கள். ஒலிக்காத 'யு' ஒன்று அச்சொல்லின் நடுவே இன்றும் நிற்பது அதனால்தான். எங்கள் 'கோத்து'விலோ அந்த இலத்தீன் 'கோக்துஸ்' ஓரளவு இன்னும் கேட்கிறது.

இப்போது பிள்ளைகள் 'குக்கீஸ்' என்கிறார்கள். அதுவும் டச்சுக்காரர்களிடமிருந்து அமெரிக்க ஆங்கிலம் பெற்ற சொல். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டியவர்கள் அதே டச்சுக்காரர்கள்தாம். நம் கரைக்கு இந்தச் சொற்களில் எதுவும் முழுக்க அந்நியமில்லை.

நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் 'பிஸ்கட்' என்றே சொல்லட்டும். பிழைப்புக்கு அது தேவை. வீட்டுக்கு வந்து பாட்டியைத் திருத்த வேண்டாம் என்பது மட்டுமே எங்கள் வேண்டுகோள்.