தெரியல சார்

பதிவு கொஞ்சம் நீளம்தான். ரிட்டயர்டு வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு அம்பாசிடர் உங்களில் பலருக்கும் தெரிந்ததுதான். 1984-ல் என் மாமனார் வாங்கிய மார்க் 4, பெட்ரோல் வண்டி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை வைத்து மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 1958-லிருந்து 2014 வரை செய்துவந்த கார். மாமனாருக்குப் பிறகு என்னிடம் வந்தது.

போன சித்திரையில் அதற்கு ஒரு வியாதி. திருவெண்ணெய்நல்லூரிலிருந்து விழுப்புரம் போய் வருவதற்குள் ரேடியேட்டரில் ஒரு சொம்பு தண்ணீர் குறையும். ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. ஒருநாள் வீட்டுக்காரம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும்போது, அரசூர் தாண்டியதும் பானட்டிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். "வித்துடலாமா?" என்று கேட்டேன். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவங்க அப்பா வாங்கிய வண்டி. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மெக்கானிக்குகளிடம் காட்டினேன். முதலாமவர் பானட்டைத் திறந்த உடனே "ஹோஸ் போச்சு சார்" என்றார். மாற்றினேன். இரண்டாமவர் "வாட்டர் பம்ப்" என்றார். அதையும் மாற்றினேன். தண்ணீர் குறைவது நிற்கவில்லை. மூன்றாமவர் "ஹெட் கேஸ்கட், ஹெட்டைக் கழட்டணும்" என்று சொல்லி ஒரு தொகை சொன்னார். என் பென்ஷனுக்கு அது பெரிய தொகை.

அப்போதுதான் பழைய மாணவன் ஒருவன் வந்து பார்த்தான். 1993-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். "என்னப்பா பிரச்சினை?" என்றேன்.

"தெரியல சார். பார்த்துத்தான் சொல்லணும்."

எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தைக்கு இவனை நான் அடித்திருக்கிறேன். அறிவியல் வகுப்பு. "தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?" என்ற கேள்விக்கு எல்லோரும் "நூறு" என்று கத்தினார்கள். இவன் மட்டும் எழுந்து நின்று "தெரியல சார்" என்றான். பிரம்பை எடுத்துவிட்டேன்.

அவன் என்ன செய்தான் என்று சொல்கிறேன். முதலில் என்ஜின் முழுக்க ஆறும்வரை காத்திருந்தான். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். தண்ணீர் கலந்தால் ஆயில் பால் விட்ட காப்பி மாதிரி ஆகிவிடுமாம். ஆகவில்லை. ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிப் பார்த்தான். ஈரமில்லை. வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்தான். ரேடியேட்டர் வாயில் மீட்டர் வைத்த ஒரு கைபம்பை மாட்டி, மூடியில் போட்டிருந்த அளவுக்கு அழுத்தம் ஏற்றினான்.

பிறகு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். மீட்டர் முள் மெல்ல இறங்கியது. இருபது நிமிடம் கழித்து பேப்பரில் ஒரு சொட்டு. டார்ச் அடித்து அது வந்த வழியே மேலே போனான். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு வட்டத் தகடு. மெக்கானிக்குகள் டம்மி என்பார்கள். வார்ப்பு மணலை வெளியே எடுக்க விட்ட ஓட்டையை அடைக்கும் மெல்லிய இரும்பு மூடி. அதில் ஊசிமுனை அளவு துளை. ஓடும்போது கசிகிற தண்ணீர் என்ஜின் சூட்டிலேயே காய்ந்துவிடும். கீழே எப்படிச் சொட்டும்?

"உள்பக்கமிருந்து அரிச்சிருக்கு சார். என்ன தண்ணி ஊத்துறீங்க?"

போர் தண்ணீர். வருஷக்கணக்காக நான்தான் ஊற்றினேன். அந்த உப்பும் துருவும் தின்ற ஓட்டை அது. குற்றவாளி நானே. புது டம்மி நூறு ரூபாய்கூட இல்லை.

நம்ம ஊர்க் கதை ஞாபகம் வந்தது. சுந்தரரை "நீ எனக்கு அடிமை" என்று வழக்காட வந்த சிவபெருமானே இந்த ஊர்ச் சபையில் மூல ஓலையைக் காட்ட வேண்டியிருந்தது. பாட்டனார் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சபையார் தீர்ப்புச் சொன்னார்கள். சாமிக்கே சாட்சி கேட்ட ஊரில் இருந்துகொண்டு, யாரோ சொன்னதை நம்பி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. "நூறு" என்பதும் பாதி பதில்தான். மூடிய ரேடியேட்டரில் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் நூறைத் தாண்டியும் கொதிக்காது. அதனால்தான் சூட்டோடு மூடியைத் திறந்தால் குபீரென்று பொங்கி முகத்தை வேகவைத்துவிடும். அன்று அவன் இதையெல்லாம் நினைத்துச் சொல்லவில்லை, பாடம் படிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொன்னான். அதற்குத்தான் அடி.

வேலை முடிந்ததும் கேட்டேன். "உன்னை அடிச்சிருக்கேன், ஞாபகம் இருக்காப்பா?"

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "இருக்கு சார். ரெண்டு கையிலயும் ரெண்டு ரெண்டு."

நான் ஒரு அடி என்றுதான் நினைத்திருந்தேன். "தப்புப்பா" என்றேன். "வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்றான்.

இப்போது வண்டியில் நல்ல தண்ணீரோடு கூலண்ட் கலந்து ஊற்றுகிறேன். துருவைத் தடுக்கும் மருந்து அதில் இருக்கிறது. போன வாரம் விழுப்புரம் போய் வந்தோம், ஒரு சொட்டு குறையவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் "தெரியல சார்" என்று சொல்லி என்னிடம் அடி வாங்கியவர்கள் இன்னும் இருப்பீர்கள். கமெண்டில் சொல்லுங்கள். கணக்கு எனக்கு மறந்துவிட்டது, உங்களுக்கு மறந்திருக்காது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்