அப்பாவின் துணை

என் தந்தை நாமக்கல்லில் லாரி ஓட்டுநர். நாகபுரி வரை லோடு ஏற்றிச் செல்வார். இப்போதெல்லாம் கிளீனர் கிடைப்பது அரிதாகையால் அவருக்குத் துணை முத்து என்ற பூனைதான்! (சிரிக்காதீர்கள், தோழிகளே.) எஞ்சின் மூடியின் சூட்டில் சுருண்டு படுத்திருக்கும். இரவில் தூக்கம் கண்ணைச் சுழற்றினால் அதனோடு பேசிக்கொண்டே ஓட்டுவாராம். எங்களோடு அவ்வளவு பேசியதில்லை.

சென்ற மார்கழியில் ஊர் திரும்புகையில், தொப்பூர் கணவாய் இறங்குமுன் டீ குடிக்க நிறுத்தியபோது முத்து எங்கோ போய்விட்டது. அப்பா 3 மணி நேரம் தேடினார். விடிந்த பிறகு வேறொரு லாரியின் அடியில் கிடைத்தது. தாமதத்திற்காக முதலாளி 500 ரூபாய் பிடித்துக்கொண்டார்.

"பூனைக்காக நின்றீர்களே, இவள் பிறந்தபோது வந்தீர்களா?" என்று அம்மா கேட்டார்கள்.

அப்பா பதில் சொல்லவில்லை. மடியிலிருந்த முத்துவை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.