கேட்கத் தெரிந்தவர்

கொள்ளுப்பிட்டியில், காலி வீதி நெரிசலில், தந்தையார் விட்டுச்சென்ற மொரிஸ் மைனரின் அடியிலிருந்து ஒரு தட்டொலி எழுந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய கார். 2020இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கிவிட்டது; ஆயினும் அவ்விலைகள் ஓர் ஆசிரியனுடைய சம்பளத்துக்கு எட்டுபவையல்ல.

கராஜ் முதியவர் நீண்ட திருப்புளியின் நுனியை இயந்திரத்தில் ஊன்றி, பிடியை இடச்செவியில் வைத்துக் கேட்டார். வலச்செவி, இரும்படிக்கும் ஓசையில் என்றோ மந்தமாகிவிட்டதாம்.

“டப்பெட் எண்டால் மேலே டிக் டிக்கெண்டு கேட்கும், மாஸ்டர். இது கீழே.”

பின்னர் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். மூன்றாவதைக் கழற்றியதும் ஒலி தணிந்தது. அந்தச் சிலிண்டரில் வெடிப்பு நின்று சுமை குறையவே, தேய்ந்த பெயாரிங் அடங்கிற்று. தொடர்ந்து ஓட்டியிருந்தால் கனெக்டிங் ரொட் முறிந்து இயந்திரத்தையே பிளந்திருக்கவும் கூடும்.

ஒன்றை நீக்கி, மாற்றத்தைக் கவனித்து, காரணத்தைத் துணிவது! இதுவன்றோ ஆராய்ச்சி? “நீ கராஜுக்குத்தான் லாயக்கு” என்று வகுப்பில் எத்தனை முறை ஏசியிருக்கிறேன்! அருகே கிறீஸ் படிந்த கையோடு நின்ற பையன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் என் பழைய மாணவன்.

முதியவர் திருப்புளியை அவனிடம் நீட்டினார்.

“நீயும் கேட்டுப் பார், தம்பி.”