கோடையில் கொத்தாதீர்கள்

கார்த்திகைப்பூ வளர்ப்பவருக்குக் கடினமான காலம் கோடைதான். மாரி முடிந்ததும் கொடி மஞ்சளாகிக் காய்ந்து விழுந்துவிடும். பிறகு புரட்டாதிவரை வேலியோரத்தில் வெறும் மண்தான். பட்டுப்போயிற்றோ என்று சிலர் தண்ணீர் ஊற்றுவார்கள். சிலர் அந்த இடத்தைக் கொத்தி மிளகாய்க் கன்று வைப்பார்கள். ஓயாத ஈரம் கிழங்கை அழுக வைக்கும், மண்வெட்டி முறித்துவிடும். கொடி காய்ந்த அன்றே அந்த இடத்தில் ஒரு தடியை அறைந்துவிடுவது என் வழக்கம். அதற்குப் பிறகு மழை விழும்வரை அங்கே கை வைப்பதில்லை.

கிழங்கு கலப்பைபோல் இரண்டாகக் கவைத்திருக்கும். முளை வருவது கவையின் நுனியில்தான். நுனி முறிந்த துண்டு எவ்வளவு பருத்திருந்தாலும் முளைக்காது. ஆகவே எடுக்கும்போதும் நடும்போதும் பச்சைக் குழந்தையைத் தூக்கும் கவனம் வேண்டும். பெருமழைக்கு முன், இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கையாக வைத்து மூடலாம். வன்னியின் செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் இதற்கு உகந்தவை. தண்ணீர் தேங்கும் வயற்களி ஆகாது.

இடம் தேர்வதற்குக் காடே வழிகாட்டி. அடர்காட்டின் உள்ளே இதைத் தேட வேண்டாம். காடு முடிந்து வெளி தொடங்கும் பற்றைகளில், அடி பற்றைக்குள்ளும் தலை வெயிலிலுமாக நிற்கும். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாவதால் பருத்த தூணை இதனால் பிடிக்க முடியாது. மெல்லிய சுள்ளி வேண்டும். மழைக்கு முன் தறித்துவிட்ட கிளுவை வேலி மிக நல்லது.

பூ விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். நாளாக ஆக இதழ்கள் மேல்நோக்கி வளைந்து முழுச் சிவப்பாகும். சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், காய் பிடிக்க வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வர வேண்டும். தமிழ்நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் காலையில் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். கீல்வாத மருந்தான கொல்கிசினுக்காக அந்த விதைக்கு விலை உண்டு.

அதே கொல்கிசின்தான் நஞ்சும். செடி முழுவதிலும் உண்டு. கிழங்கை வற்றாளங்கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். பிள்ளைகளும் ஆடுகளும் நடமாடும் முற்றத்தில் வைக்காதீர்கள். தொட்டால் கையைக் கழுவுங்கள். கறுப்பில் புள்ளிபோட்ட ஒரு மயிரற்ற புழுவோ இந்த நஞ்சிலை தின்றே வளர்கிறது. காலையில் இலையைப் புரட்டிப் பொறுக்கினால் போதும், மருந்தடிக்கத் தேவையில்லை.

மாவீரர் நாளான நவம்பர் 27 நெருங்கும்போது எங்கள் ஊர்களில் எல்லோரும் இந்தப் பூவைத் தேடுவார்கள். தேட வேண்டிய பூதான். ஆனால் கொடியை இழுத்து அறுக்காமல் பூக்காம்பை மட்டும் கிள்ளுங்கள். அடுத்த மாரிக்கான கிழங்கு அந்த இலைகள் தேடிக்கொடுக்கும் உணவில்தான் பருக்கிறது. வீட்டில் வளர்க்க ஆசையென்றால் காட்டுக் கிழங்கைத் தோண்டாதீர்கள். காய் வெடித்துச் செவ்விதை தெரியும்போது நாலைந்து எடுத்து வந்து, அடுத்த மழைக்கு ஊன்றுங்கள். முதல் ஆண்டு புல்போலச் சில இலைகள்தான் வரும். மூன்றாம் அல்லது நான்காம் மாரியில் பூக்கும்.