சட்டி நீரும் சின்னக் கைகளும்

விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுப் பொருள் ஒன்றையும், பாதியளவு நீர் நிறைந்த வாயகன்ற சட்டி ஒன்றையும் இரண்டு வயதுப் பிள்ளையின் முன்னே வைத்துப் பாருங்கள். பிள்ளை எதை நாடும் என்று சொல்லவும் வேண்டுமோ? சிறிது நேரத்தில் அந்த விளையாட்டுப் பொருளும் சட்டிக்குள்ளேதான் கிடக்கும். பெற்றோர் இதைக் குறும்பு என்பர். பாலர் வகுப்பிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த நான் இதைப் படிப்பு என்பேன்.

நம்முடைய வீடுகளிலே நீருக்கும் குழந்தைக்கும் இடையே ஓயாத வழக்கு ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. "நனையாதே, தடிமன் பிடிக்கும்" என்பது தாயின் வாதம். தடிமன் கிருமிகளால் வருவது; நல்ல வெயில் நேரத்தில் கையை நனைப்பதனால் மட்டும் வந்துவிடுவதன்று. ஆனால், இரண்டாவது வாதம் ஒன்று உண்டு. அதை எவராலும் தள்ளிவிட முடியாது. அதுதான் கிணறு.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியிலே பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. அதைக் கிணறு தோண்டி எடுத்தே நம் முன்னோர் குடித்தனர், தோட்டமும் செய்தனர். ஆதலால் வளவு தோறும் கிணறு உண்டு. கிணறு உள்ள வளவிலே சிறு பிள்ளையும் இருந்தால் அச்சமும் உண்டு.

எங்கள் அயலிலே மூன்று வயது நிரம்பாத பையன் ஒருவன் இருக்கிறான். அவர்கள் வீட்டுக் கிணற்றுக்கட்டு மிகவும் தாழ்ந்தது. அதனால் அவனுடைய அப்பம்மா, குளிக்க வார்க்கும் நேரம் தவிர, நீர் அவன் கைக்கு எட்டாதபடி காவல் செய்து வந்தார். விளைவு என்ன? கண் சற்று மறைந்தால் பையன் கிணற்றடியிலே நிற்பான். ஒரு நாள் கட்டிலே வயிறு படிய எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவனைத் தாய் கண்டு, சத்தமிடாமல் பின்னே சென்று தூக்கி வந்தாள். அன்று மாலையே என்னிடம் வந்தாள்.

"ரீச்சர், இவனை எப்பிடி மறிக்கிறது? பென்சிலும் பிடிக்கிறான் இல்லை, எந்த நேரமும் தண்ணி, தண்ணி எண்டு நிக்கிறான்" என்றாள். அவள் கைகள் அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"பிள்ளை, முதலிலை கிணத்துக்கு மூடி போடு. பிறகு இவனுக்குத் தண்ணியைக் குடு" என்றேன். அப்பம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. எனினும் கட்டு உயர்ந்தது. கம்பி வலை மூடியும் வந்தது. அதன் பின்னரே சட்டி வந்தது.

அவனுக்கு முதலிற் கொடுத்தது பழைய மூக்குப்பேணி ஒன்றும் இரண்டு சிரட்டைகளும். பேணியின் மூக்கினால் நீரைச் சிரட்டைக்குள் வார்ப்பது நமக்கு எளிது. இரண்டரை வயதுக் கைக்கு அது பெருந்தொழில். மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். கண் அளவு பார்க்க வேண்டும். நிரம்பும் தருணத்தில் நிறுத்த வேண்டும். இந்த நிறுத்தல் இருக்கிறதே, அதுதான் அருமை. முதல் நாட்களில் சிரட்டை வழிந்தோடியது. பத்தாம் நாளளவில் விளிம்புக்குச் சற்றுக் கீழே பேணி நிமிர்ந்தது. எவரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. 1907 ஆம் ஆண்டிலே உரோமாபுரியில் ஏழைப் பிள்ளைகளுக்கென முதற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையார், பாத்திரம் விட்டுப் பாத்திரம் வார்த்தலைத் தம் முறையிலே ஒரு பயிற்சியாகவே வைத்தார். அவர் கொடுத்தவை பொம்மைப் பாத்திரங்கள் அல்ல; விழுந்தால் உடையும் உண்மையான பாத்திரங்கள். உடையும் என்று அறிந்த கையே கவனமாகப் பிடிக்கும் அன்றோ?

இதிலே பென்சில் எங்கே வருகிறது என்று சில தாய்மார் கேட்பர். ஈரத்துணியைப் பிழியச் சொல்லுங்கள்; கடற்பஞ்சு இருந்தால் இன்னும் நல்லது. பிழியும்போது விரல்களும் உள்ளங்கையும் பெறும் வலிமையே பின்னர் பென்சிலைத் தாங்குவது. மூன்று வயதிலே அரிச்சுவடி முழுவதையும் எழுதவைக்கும் முன்பள்ளிகளைச் சிறந்தவை என்று போற்றும் வழக்கம் நம்மிடையே வளர்ந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதத்தான் வேண்டுமென்றால், வெயில் காயும் சீமெந்து முற்றத்திலே தும்புத் தூரிகையை நீரில் தோய்த்து எழுதட்டும். பிழையான எழுத்தை அழிக்க வேண்டியதில்லை, சூரியனே அழித்துவிடும். "என்ரை 'அ' எங்கை போச்சு?" என்று பையன் கேட்டானாம். நீர் ஆவியாகிப் போவதைப் பற்றிய முதற் பாடத்துக்கு இதைவிட நல்ல கேள்வி எந்தப் புத்தகத்திலே கிடைக்கும்?

நான்கு வயதானவர்களுக்கு மிதப்பதும் தாழ்வதும் ஓயாத வியப்பு. சிரட்டை மிதக்கும், புளியங்கொட்டை தாழும். போடுமுன், "இது என்ன செய்யும்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லிய பின் போடட்டும். தோலோடு கூடிய தோடம்பழம் மிதக்கும். தோலை உரித்துப் போட்டால் அதே பழம் தாழும். பாரம் குறைந்த பின் தாழ்வதா என்று பெரியவர்களே திகைப்பர். தோலிலே காற்றுப் புரைகள் உள்ளன என்பதே விடை. களிமண் உருண்டை தாழும். அதையே கிண்ணம் போல் வனைந்தால் மிதக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நல்ல முட்டை ஒன்றை நீரிலே தாழவிட்டு, உப்பைக் கரண்டி கரண்டியாகக் கரைத்துக் காட்டுங்கள். முட்டை மெல்ல எழும்பி வரும் காட்சியை அப்பிள்ளை எளிதில் மறக்காது.

இன்னொரு சோதனையையும் கூறவேண்டும். ஒரே அளவான இரு குவளைகளிலே சமமாக நீர் எடுத்து, ஒன்றில் உள்ளதை ஒடுங்கி உயர்ந்த போத்தலுக்குள் வார்த்து, "எதிலே கூட?" என்று கேளுங்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிற் பெரும்பாலோர் போத்தலையே காட்டுவர். சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே (1896–1980) இதனை விரிவாக ஆராய்ந்தவர். பிள்ளை மந்தம் என்று எண்ணிவிடாதீர்கள். திருத்தவும் முயல வேண்டாம். உயரத்தையும் அகலத்தையும் ஒருங்கே கருதும் ஆற்றல் அவ்வயதிலே இன்னும் முதிரவில்லை. பலமுறை வார்த்துப் பார்த்த பிள்ளை ஒருநாள், "திருப்பி ஊத்தினால் அவ்வளவுதானே!" என்று தானே சொல்லும். அந்த நாளைக் காத்திருந்து கேட்பது ஆசிரியத் தொழிலின் இன்பங்களுள் ஒன்று.

அப்பம்மாவின் அச்சத்துக்கு மீண்டும் வருகிறேன். அது வீண் அச்சமன்று. 2021 ஆம் ஆண்டிலே உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்றும், அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டோர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கிணறும் குளமும் மட்டுமல்ல, வாளியும் கொல்லும். சிறு பிள்ளைக்கு உடலை நோக்கத் தலை பாரம். வாளிக்குள் தலைகீழாக விழுந்தால் நிமிர இயலாது. இரண்டு அங்குல நீரும் போதும். கூச்சல் கேட்கும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் ஓசையெழுப்புவதில்லை. ஆகவே சட்டிக்கும் தாய்க்கும் இடைத்தூரம் ஒரு கைநீளம். தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும். எழுந்து போயே ஆகவேண்டுமெனில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

விளையாட்டு முடிந்ததும் நீரைத் தேங்கவிடலாகாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து வளர்ந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். மாரி காலத்திலே ஒரு சிரட்டை நீரும் அதற்குப் போதுமானது. முட்டைகள் பாத்திரத்தின் சுவரிலே ஒட்டிக்கொண்டு, காய்ந்த பின்னரும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆதலால் கவிழ்ப்பது மட்டும் போதாது. தேய்த்துக் கழுவவும் வேண்டும். அயல் வீட்டுப் பையன் தும்பினால் சட்டியைத் தேய்க்கும் வேலையை விளையாட்டைவிட அதிகம் விரும்புகிறான். எஞ்சிய நீரைக் கறிவேப்பிலை மரத்தடிக்குக் கொண்டுபோய் வார்ப்பதும் அவனே. வழியிலே பாதி சிந்திப் போகிறது. அப்பம்மா இப்போது விறாந்தைப் படியிலே அமர்ந்து, எத்தனை பேணி மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவனோடு சேர்ந்து எண்ணுகிறார்.